முதலில் இறங்கும் வழி

அக்கா காரை எங்கே நிறுத்தினாலும் ரிவர்ஸ் எடுத்துத்தான் நிறுத்துவார். மளிகைக் கடையோ, பல் டாக்டரோ, கோயிலோ, வண்டியின் மூஞ்சி வெளியே பார்த்திருக்க வேண்டும். பின்னால் நாலு பேர் ஹார்ன் அடித்தாலும் அசர மாட்டார். நிதானமாக வண்டியைச் சொருகி, இறங்கி, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பொங்கல் விழா என்றால் இன்னும் மோசம். பள்ளிக்கூட வளாகத்தில் இடம் காலியாக இருக்கும்போதே அதை விட்டுவிட்டு நாலு தெரு தள்ளி நிறுத்துவார். பட்டுப்புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கூட நடக்கிற பெண்கள் பல்லைக் கடிப்பார்கள். விழா முடிந்து ஊரே ஒரு வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, அக்கா வீட்டில் சேலை மாற்றி ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பார்.

"உள்ள யாரு வேணா போயிரலாம் தம்பி. வெளிய வர்றதுதானுங்க வேலை."

இதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார். அதுதான் எனக்கு எரிச்சல். வேடிக்கைக்குச் சொன்னால் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம்.

சான் ரமோனில் நாங்கள் ஒரே தெரு, ஒரே கம்பெனி. அக்காவுக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம், எனக்குத் திருநெல்வேலி. நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததால் அவர் கணவர் எனக்கு மாமா ஆகிவிட்டார். இப்போது இருவரும் டெக்சாஸில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மேடுகூட இல்லாத ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் இருந்த வீட்டில் குடிவந்தவர்கள் காரை நேராகக் கொண்டுபோய் கராஜ் கதவில் முட்டுகிற மாதிரி நிறுத்துகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சின்ன வயதில் கிணற்றில் இறங்கி ஏற முடியாமல் மாட்டிக்கொண்டார் என்றார் ஒருத்தர். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்க இந்தியா போய் விசா வராமல் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார் என்றார் இன்னொருத்தர். நான் நேராகவே கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க தம்பி. பொறந்ததுல இருந்தே இப்பிடித்தான்" என்றார். நான் நம்பவில்லை. வேறு கதையும் கிடைக்கவில்லை.

ஆபீசில் அக்கா ரிலீஸ் மேனேஜர். புதிதாக எழுதிய மென்பொருளை வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிடுகிற அன்று, விடலாமா வேண்டாமா என்று கடைசி வார்த்தை சொல்கிறவர். மற்றவர்கள் என்னவெல்லாம் புதிதாகச் செய்திருக்கிறோம் என்று பெருமை பேசுவார்கள். அக்கா கேட்பது ஒன்றுதான்: கெட்டுப்போனால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவோம்? அதற்குப் பதில் இல்லாதவன் அந்த மீட்டிங்குக்கு வரவே பயப்படுவான். அதன் பிறகு மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரிடமும் யெஸ்ஸா நோவா என்று கேட்பார். ஒரே ஒருத்தர் நோ சொன்னாலும் அன்றைக்கு ரிலீஸ் கிடையாது. ஏன் என்று அன்றைக்குக் கேட்கக் கூடாது, மறுநாள் காலையில்தான் கேட்க வேண்டும். இது கம்பெனி சட்டம் இல்லை, அக்கா சட்டம்.

ஒரு முறை பெரிய ரிலீஸ் ஒன்று. மேலிடத்திலிருந்து வைஸ் பிரசிடென்ட் வந்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் யெஸ் சொல்லிக்கொண்டே வந்தோம். மூலையில் இருந்த, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பெண் மட்டும் மெல்லிய குரலில் நோ என்றாள். வைஸ் பிரசிடென்ட் அந்தப் பெண்ணைப் பார்த்து ஏன் என்று கேட்க வாயைத் திறந்தார். அக்கா லேப்டாப்பைப் படாரென்று மூடி, "நாளைக்குப் பேசலாம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் விசாரித்தால், ஒரு சோதனையை ஓட்டினோமா இல்லையா என்று அவளுக்குத் திடீரென்று சந்தேகம் வந்திருக்கிறது. பார்த்தால் ஓட்டியிருக்கிறாள். ஒன்றுமே இல்லை. அந்த வருஷம் அக்காவுக்கு வரவேண்டிய ப்ரமோஷன் வேறொருவருக்குப் போனது. நான் அக்காவிடமே போய்க் கேட்டேன்.

"ஒண்ணுமில்லாததுக்குப் போயி இப்படிப் பண்ணிட்டீங்களேக்கா."

"அன்னைக்கே அத்தனை பேர் முன்னால ஏன்னு கேட்டு நிக்க வெச்சிருந்தா, அடுத்த வாட்டி நெஜமாவே ஓட்டாம விட்டப்ப அந்தப் புள்ள வாயத் தொறக்குமா? எவனும் தொறக்க மாட்டான் தம்பி."

இவருக்கு வாய்த்த மாமா எப்படிப்பட்டவர் என்றால், வாழ்க்கையில் யாருக்குமே நோ சொன்னதில்லை. கதவைத் தட்டிக்கொண்டு விற்க வருகிற எவனும் அவர் வீட்டிலிருந்து வெறுங்கையோடு போனதில்லை. அந்த வீட்டில் மூன்று வாக்குவம் கிளீனர் இருந்தது. ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட யாராவது வேண்டும் என்றால் தெருவே அவரைத்தான் கூப்பிடும். இன்னொரு தோசை போடவா என்றால் தலையாட்டுவார், பிறகு சோபாவில் சாய்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பார். எதைக் கேட்டாலும் "பரவால்ல" என்பார். அவருக்கு வலிக்கிறதா, பிடிக்கவில்லையா, பசிக்கிறதா என்பதை அக்கா அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அக்கா எப்போது துப்பாக்கி எடுத்தார் என்பது தெருவுக்குத் தாமதமாகத்தான் தெரியும். கூட வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ரிட்டயர் ஆன பிறகு காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். போனவர் முறையாகப் படித்து லைசென்ஸ் வாங்கிவிட்டார். பிறகு மான். ஆளுக்கொரு சமையலோடு கூடிச் சாப்பிடுகிற ஒரு பாட்லக்கில் இந்தப் பேச்சு வந்தபோது, சாம்பார் சாதம் கொண்டுவந்த ஒரு அம்மாள் கேட்டார்: "ஆட்டுக்கறி ஹலால் கடையிலேயே நல்லாக் கெடைக்குதே, எதுக்குங்க இந்தப் பாடு?"

"வாராவாரம் திங்கறோம். ஒருக்காவாச்சும் நாமளே போயி, நாமளே பண்ணி, நாமளே தூக்கிட்டு வரோணும்னு தோணுச்சுங்க" என்றார் அக்கா. அந்த அம்மாள் தன் சாம்பார் சாதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

அக்காவின் கண் முழுக்க மலையாட்டின் மேல் இருந்தது. நம் ஊர் வரையாடு போலத்தான், ஆனால் உடம்பெல்லாம் அடர்ந்த வெள்ளை மயிர், கறுப்புக் கொம்பு. மற்ற மிருகம் நிற்கப் பயப்படுகிற செங்குத்துப் பாறையில் போய்ப் படுத்துக்கொண்டு அசைபோடும். அதை வேட்டையாட நினைத்தவுடன் போக முடியாது. யூட்டாவில் வருஷா வருஷம் விண்ணப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். குலுக்கலில் பேர் விழுந்தால் ஒரு ஆட்டுக்கு அனுமதி, அதற்கு டேக் என்று பேர். ஆயுசுக்கு ஒரு முறைதான். சுட்டாலும் சரி, சுடாமல் வெறுங்கையோடு வந்தாலும் சரி, அங்கே மறுபடி கிடையாது.

அக்கா பல வருஷம் விண்ணப்பித்தார். பேர் விழுந்த அன்று என் மேஜைக்கு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்து எழுந்துவிட்டேன்.

"கெடச்சிருச்சு தம்பி" என்றார். "கறி சொமக்க ஒரு ஆள் வேணும். நீங்க ஹாஃப் மாரத்தான் ஓடினேன்னு பாட்லக்ல சொன்னீங்கல்ல?"

எனக்கு மலை என்றால் ஊட்டிதான், அதுவும் கார் ஜன்னல் வழியாக. ஆனால் பெருமையடித்த வாய், என்ன செய்ய? தலையாட்டினேன்.

கோடை முழுக்க அந்த வீட்டு டிவியில் ஆட்டு முகம்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. ஆணின் கொம்பு அடியில் தடித்திருக்கும். குட்டியோடு இருக்கும் தாயைச் சுட்டுவிடக் கூடாதே என்று அக்காவுக்குக் கவலை. காபி குடிக்கப் போகிற எனக்கு முதலில் பரீட்சை, பிறகுதான் காபி. அப்புறம் மேப். எல்லோரும் காரிலிருந்து மலை உச்சிக்குக் கோடு போடுவார்கள். அக்கா உச்சியிலிருந்து காருக்கு நீலக் கோடு போட்டார். சுமையோடு, களைப்போடு, மழையில் நனைந்த பாறையில் இறங்க முடிகிற வழி அது. அந்த நீலக் கோடு தயாரான பிறகுதான் ஏறுகிற வழிக்குச் சிவப்பு. நீலம் இல்லாத இடத்துக்குச் சிவப்பு போகக் கூடாது என்பது விதி. மலையாடு குண்டு பட்டதும் கடைசி மூச்சில் பள்ளத்தைப் பார்த்து ஓடுமாம். அதன் பின்னால் போய் மாட்டிக்கொண்டவர்கள் கதையெல்லாம் அவர் படித்து வைத்திருந்தார்.

ஒரு நாள் நாங்கள் மேப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது நியூ ஜெர்சியிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்துகொண்டு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். தமிழ் முழுக்கப் புரியும், வாயில் வராது.

"அம்மா, திஸ் இஸ் இன்சேன். யூ ஆர் ஃபிஃப்டி ஃபோர்."

"அதனாலதான் கண்ணு இப்பப் போறேன்."

"அப்பா! ஒன்ஸ் இன் யுவர் லைஃப், ஜஸ்ட் சே நோ டு ஹெர். ப்ளீஸ்."

மாமா போனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், டிவியில் இருந்த ஆட்டைப் பார்த்தார்.

"அம்மா பாத்துக்குவா கண்ணு" என்றார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். அன்று மூவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

தானும் வருவேன் என்று மாமா சொன்னது அப்போதுதான். துப்பாக்கியைத் தொட்டதில்லை, உயரம் என்றால் தலைசுற்றும். ஆனால் வருவாராம். அடுத்த சனிக்கிழமையே அக்கா எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் இருக்கிற டயப்லோ மலைக்கு இழுத்துக்கொண்டு போனார். சுமந்து பழக ஆளுக்கொரு பையில் பொன்னி அரிசி மூட்டை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அக்காவுக்கு இரண்டு கேள்வி. "இப்ப இங்கிருந்து எப்பிடி எறங்குவோம்?" நான் கையை நீட்டிக் காட்ட வேண்டும். அடுத்து, "யெஸ்ஸா நோவா?" நான் யெஸ் என்பேன். மாமா "பரவால்ல, போலாம்" என்பார்.

நாலாவது தடவை "பரவால்ல" சொன்ன கையோடு மாமா ஒரு புதரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். கால் இரண்டும் இழுத்துக்கொண்டது. நானும் அக்காவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து நீவினோம். தண்ணீர் கொடுத்து, நிழலில் படுக்க வைத்து, அவர் முகத்தில் ரத்தம் திரும்பிய பிறகு அக்கா வெடித்தார்.

"எப்ப இருந்து முடியல?"

"மொதல்லயே... கொஞ்சம்."

"மொதல்லயே முடியலைன்னா எதுக்குப் பரவால்லன்னீங்க? எனக்குப் பாறையப் பாத்துப் பயமில்லீங்க. ஆட்டப் பாத்துப் பயமில்ல. நோ சொல்லத் தெரியாத ஆளோட மலை ஏறுறதுதான் பயம். நீங்க வர வேண்டாம்."

"சரி" என்றார் மாமா.

"பாருங்க! இதுக்கும் சரிங்கறீங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அக்கா அழுகிற நிலைமையில் இருந்தார். மாமா தரையில் கையூன்றி எழுந்து, "வர்றேன். சொல்றேன்" என்றார். எதைச் சொல்வார் என்று விளக்கவில்லை. அக்கா அவருடைய அரிசி மூட்டையைத் தன் பைக்கு மாற்றிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்.

செப்டம்பரில் போனோம். மண் ரோடு முடிகிற இடத்தில், சுற்றுவட்டாரத்தில் வேறு ஒரு வண்டிகூட இல்லாத வெட்டவெளியில், அக்கா ரிவர்ஸ் எடுத்து வண்டியை நிறுத்தினார். நான் மாமாவைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். மாமா சிரிக்கவில்லை. அண்ணாந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஏரிக்கரையில் கூடாரம் போட்டோம். தக்காளித் தொக்கும் சப்பாத்தியும்தான் சாப்பாடு. முதல் இரண்டு நாள் பனிமூட்டம். மூன்றாம் நாள் ஒரு ஆடு கூப்பிடு தூரத்தில் வந்து நின்றது. அக்கா தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தார். பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி தலையை நீட்டியது. "தாய்" என்று தொலைநோக்கியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த நாள் ஆலங்கட்டி மழை, வெளியே தலைகாட்ட முடியவில்லை. இருந்த லீவில் மிச்சம் ஒரே நாள்தான். சீசனும் மறுநாளோடு முடிகிறது.

கடைசி நாள் விடியும் முன்பே கிளம்பினோம். சிவப்புக் கோட்டில் ஏறினோம். நிற்கிற இடத்திலெல்லாம் அந்த இரண்டு கேள்வி மட்டும் வந்தது. நான் கை காட்டினேன். மேலே போகப் போக மூச்சு பாதியில் நின்றது. மேற்கே மேகம் குவிந்துகொண்டிருந்தது. அந்த உயரத்தில் இடி விழுந்தால் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது, இருந்தாலும் ஒதுங்கக் கூடாது.

முகட்டை எட்டிப் பார்த்தபோது ஆடு நின்றது.

ஒற்றை ஆடு. எங்களுக்கு எதிரே, ஒரு பாறைத் திட்டின் மேல், காற்றில் தாடி பறக்க நின்றது. அவ்வளவு வெள்ளையை நான் பார்த்ததில்லை. அக்கா குப்புறப் படுத்து ஊர்ந்து போனார். நானும் மாமாவும் பின்னால். அக்காவின் கையுறை ஒன்று கழன்று காற்றில் உருண்டு போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கெடா. நல்ல கெடா தம்பி. கொம்பப் பாருங்க." குரல் குழறியது. அவர் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "சுட்டா அப்பிடியே உக்காந்துரும். நாம இந்தப் பக்கமா ஏறி, அந்தப் பாறைய ஒட்டியே போயி எடுத்துரலாம். யெஸ்ஸா?"

"யெஸ்க்கா!"

எனக்கும் வெறி ஏறியிருந்தது. அத்தனை வருஷக் காத்திருப்பு, கோடை முழுக்கச் சுமந்த அரிசி, எல்லாம் அந்த ஒரு வெள்ளைப் புள்ளியில் வந்து நின்றது.

"நீங்க?"

மாமா ஆட்டைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோ."

அக்காவின் கன்னம் துப்பாக்கியில் அழுந்தியிருந்தது. ஆடு மெதுவாகத் திரும்பி முழுப் பக்கத்தையும் காட்டி நின்றது. இதைவிட நன்றாக ஒரு ஆடு நிற்காது, எனக்கே தெரிந்தது. அக்காவின் விரல் விசைக்கு வெளியே நீண்டு நின்றது, உள்ளே போகவில்லை, விலகவும் இல்லை. அவர் மீறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மீறட்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

அக்கா கண்ணை மூடினார். மூடியபடியே துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னால் இழுத்தார். தோட்டா வெளியே தெறித்துப் பாறையில் விழுந்தது. அதைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எறங்கலாம்."

"ஏன் மாமா? எதுக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"தம்பி!" அக்கா என்னை அந்த மாதிரி அதட்டியதே இல்லை. "நாளைக்கு."

நீலக் கோட்டில் இறங்கினோம். பாதி வழியில் மேகம் கலைந்து வானம் பளிச்சென்று ஆனது. இடியும் இல்லை, மழையும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஆடு அதே இடத்தில் சாவகாசமாகப் படுத்திருந்தது. எனக்கு மாமாமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. உலகத்தில் எல்லோருக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வாழ்நாளின் முதல் நோவைக் கொண்டுவந்து இங்கேயா போட வேண்டும்? மனுஷன் பயந்துவிட்டார், வேறென்ன. கூடாரத்துக்கு வந்ததும் அக்கா உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். மாமா சப்பாத்தி சூடு பண்ணிக் கொடுத்தார். அக்கா வாங்கிச் சாப்பிட்டார். ஏன் என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

மறுநாள் காலை கீழே ஊரில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேஜைகளில் எல்லாம் வேட்டைக்காரர்கள், சத்தமான சிரிப்பு. எங்கள் மேஜையில் பான்கேக் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா காபியை இரண்டு வாய் குடித்து, கப்பைக் கீழே வைத்தார்.

"இப்பச் சொல்லுங்க. ஏன்?"

மாமா நாப்கினை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீ எறங்குற வழியக் கேக்கல" என்றார்.

அக்காவின் கை மேஜையில் இருந்த போனுக்குப் போனது.

"முப்பது வருஷமாச்சு. சினிமாவுக்குப் போனாக் கேப்ப. ஆஸ்பத்திரிக்குப் போனாக் கேப்ப. பிரசவத்துக்கு உள்ள கூட்டிட்டுப் போறப்பக்கூட எந்த வாசல் வழியா வீட்டுக்கு விடுவாங்கன்னு கேட்ட. நேத்து ஆட்டப் பாத்ததும் நீ கேக்கல. யெஸ்ஸா நோவான்னு மட்டும்தான் கேட்ட. எனக்கு மலையப் பத்தி என்ன தெரியும்? உன்னையத் தெரியும்."

அக்கா போனை எடுத்து மேப்பைத் திறந்தார். அந்தப் பாறைத் திட்டைப் பெரிதாக்கினார். நாங்கள் படுத்திருந்த முகடு வரைக்கும் சிவப்பும் நீலமும் கூடவே வந்தன. ஆடு நின்ற திட்டுக்கு நீலம் இல்லை. அங்கே ஏறிப் போயிருக்கலாம். அந்தக் கறியை முதுகில் கட்டிக்கொண்டு அங்கிருந்து இறங்க வழியே இல்லை. ஒரு பக்கம் நெட்டுக்குத்துப் பள்ளம், மறு பக்கம் உருளுகிற சரளை. அத்தனை நாள் அந்த மேப்பைப் பார்த்த எனக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. நேற்று முழுக்க மனதுக்குள் திட்டித் தீர்த்த அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"ஆமா" என்றார் அக்கா. "கேக்கல."

அப்போது போன் அவர் கையிலேயே அடித்தது. மகள். சிக்னல் இல்லாத நாட்களில் அவள் அனுப்பிய மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா! ஆர் யூ ஓகே? ஆர் யூ டவுன்?"

"எறங்கியாச்சு கண்ணு. எல்லாரும் நல்லா இருக்கோம்."

"டிட் யூ கெட் இட்?"

"இல்ல." அக்கா எதிரே இருந்த மாமாவைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரலில் இருந்தது அழுகை இல்லை, அடக்க முடியாத பெருமை. "முன்னாலயே நின்னுச்சு கண்ணு. உங்கப்பா நோ சொல்லிட்டாரு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து அக்கா போனைக் காதருகே கொண்டுபோனார்.

"அப்பாவா?" என்றாள் மகள், தமிழில்.